ஓட்டில் தோற்றவர் ஆண்ட தீவு: ஆல்பனியிலிருந்து புவேர்ட்டோ ரிக்கோ வரை

வியாழன், ஆல்பனி

ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போகிற பயணம் இது. தியோடர் ரூஸ்வெல்ட் என்றதும் மூக்குக்கண்ணாடியும் மீசையுமாக ஒரு ஜனாதிபதி நினைவுக்கு வருவார் இல்லையா, அவர் இல்லை. அவருடைய மூத்த மகன். அதே பெயர்தான், தியோடர் ரூஸ்வெல்ட் ஜூனியர், எல்லாருக்கும் டெட். நியூயார்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக அரசியலுக்கு வந்து, கவர்னர் தேர்தலில் நின்று தோற்று, அப்புறம் வாஷிங்டன் அனுப்பிய ஆளுநராக முதலில் கரீபியன் கடலில் இருக்கிற புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் பிறகு பிலிப்பைன்ஸுக்கும் போனவர். மாநில அரசியல்வாதி ஒருவர் காலனி நிர்வாகி ஆனால் என்ன ஆகிறது என்பது எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம். கூட வருவது மாமா. நெல்லைப் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், கேள்வி கேட்காமல் ஒரு கட்டடத்தையும் தாண்ட மாட்டார்.

ஆல்பனியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் நியூயார்க் நகரம் இல்லை, வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிற இந்தச் சின்ன ஊர்தான் என்று மாமாவுக்குச் சொன்னபோது அவர் நம்பவே கொஞ்ச நேரம் ஆனது. சட்டமன்றக் கட்டடம் 1867ல் தொடங்கி 1899ல்தான் முடிந்தது. உள்ளே மேற்குப் பக்கத்துப் பெரிய படிக்கட்டில் கல்லிலேயே முகங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், பெரிய மனிதர்கள் மட்டுமில்லை, சிற்பிகள் தங்களுக்கு வேண்டியவர்களின் முகத்தையும் நடுநடுவே செதுக்கியிருக்கிறார்களாம். மாமா ஒரு தூணின் மூலையில் இருந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். பேர் இல்லாத முகம்.

டெட் இந்த மன்றத்துக்கு வந்தது 1920ல், முப்பத்திரண்டு வயதில், குடியரசுக் கட்சிக்காரராக. முதல் உலகப் போரில் பிரான்ஸில் விஷவாயு பட்டு, சுவாசோன் சண்டையில் காலில் குண்டடி பட்டுத் திரும்பியவர். அந்த ஜனவரியில் மன்றம் கூடிய முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. நியூயார்க் நகரத்திலிருந்து சோஷலிஸ்ட் கட்சி சார்பில் ஐந்து பேர் ஜெயித்து வந்திருந்தார்கள். சபாநாயகர் தாடியஸ் ஸ்வீட் அவர்களை முன்னால் வரச்சொல்லி, உங்கள் கட்சியின் கொள்கை இந்த அரசுக்கு விரோதமானது என்று சொல்லி உட்காரவிடாமல் செய்துவிட்டார். ருஷ்யப் புரட்சி நடந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, சிவப்பு என்றாலே ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த நேரம். விசாரணை, சாட்சி என்று மூன்று மாதம் இழுத்து, விடிய விடிய விவாதம் நடத்தி, ஏப்ரல் 1ம் தேதி காலையில் ஐந்து பேரையும் வெளியேற்றினார்கள். ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே அதை எதிர்த்துப் பேசியவர்களில் புது உறுப்பினர் டெட்டும் ஒருவர். அவர்களுடைய கொள்கை எனக்கு ஆகாது, ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களை வெளியே தள்ள நமக்கு உரிமை கிடையாது, இதுதான் அவர் வாதம். சபாநாயகர் பதிலுக்கு அவருடைய அப்பாவின் வார்த்தைகளையே எடுத்து அவர் மேல் வீசினார். அப்பா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அதே செப்டம்பரில் இடைத்தேர்தல் வந்தது, ஐந்து தொகுதி மக்களும் அதே ஐந்து பேரைத் திரும்ப அனுப்பினார்கள்.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து இதை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நல்ல மனுசன்லா" என்றார். ஆமாம் மாமா, நல்ல மனுஷன்தான், அதனால்தான் இந்தப் பயணமே.

வெள்ளி, ஆய்ஸ்டர் பே

லாங் ஐலண்டின் வடகரையில் இருக்கிற ஆய்ஸ்டர் பே ரூஸ்வெல்ட் குடும்பத்தின் ஊர். சாகமோர் ஹில் என்ற அவர்களுடைய வீடு இப்போது தேசிய நினைவிடம். 1885ல் கட்டி முடித்த பெரிய வீடு, சுவரெல்லாம் வேட்டையாடிய மிருகங்களின் தலை, தரையெல்லாம் தோல். எனக்கு அந்த வீட்டில் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. மாமா மட்டும் வடக்கு அறையில் இருந்த யானைத் தந்தங்களை விட்டு நகரவில்லை. டெட் வாழ்க்கையின் பிற்பகுதியில், 1938ல், அதே தோட்டத்துக்குள் ஒரு தனி வீடு கட்டிக்கொண்டார். ஓல்ட் ஆர்ச்சர்ட் என்று பேர், இப்போது அதுதான் அருங்காட்சியகம். அப்பாவின் வீட்டைத் தாண்டித்தான் மகன் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது, அவருடைய வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருந்தது.

அப்பா போன வரிசையிலேயே மகனும் போனார். அப்பா ஆல்பனியில் சட்டமன்ற உறுப்பினர், மகனும் அதே. அப்பா கடற்படைத் துணைச் செயலர், மகனும் 1921ல் அதே நாற்காலி. அடுத்தது நியூயார்க் கவர்னர், அதற்கடுத்தது வெள்ளை மாளிகை. இந்த மூன்றாவது படியில்தான் வழுக்கியது.

1924 கவர்னர் தேர்தல். எதிர்த்து நின்றவர் ஆல் ஸ்மித், ஏழைத் தெருவில் பிறந்து வளர்ந்த, மக்களுக்குப் பிடித்தமான ஆள். அந்த நேரம் டீபாட் டோம் ஊழல் நாட்டையே ஆட்டிக்கொண்டிருந்தது. வயோமிங்கில் கடற்படைக்கென்று ஒதுக்கியிருந்த எண்ணெய் நிலத்தை உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால் ரகசியமாகத் தனியாருக்குக் குத்தகை விட்டுப் பணம் வாங்கிய விவகாரம். டெட் அதில் ஒரு காசும் வாங்கவில்லை, விசாரணையில் அவர் மேல் குற்றமில்லை என்றே ஆனது. ஆனால் அவர் வேலை பார்த்தது கடற்படைத் துறையில், தம்பி ஆர்ச்சி வேலை பார்த்தது அந்தக் குத்தகையை எடுத்த சின்க்ளேர் எண்ணெய்க் கம்பெனியில். அது போதாதா? அவருடைய சொந்தச் சித்தப்பா மகள் எலினோர், அதாவது பின்னால் ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி, ஒரு காரின் கூரையில் காகிதக்கூழில் செய்த பிரம்மாண்டமான தேநீர்க் கெண்டியை, அதாவது ஒரு டீபாட்டை, ஏற்றி, அதிலிருந்து ஆவி வரும்படி செய்து, டெட் பிரச்சாரத்துக்குப் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போனார். குடும்பச் சண்டையை இப்படி நடுத்தெருவில் வைத்தது சரியில்லை என்று எலினோரே பின்னாளில் வருத்தப்பட்டார். டெட் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். அதே நாளில் அதே மாநிலத்தில் அவருடைய கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் கூலிட்ஜ் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததைப் பார்த்தால், மக்கள் கட்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை, இவரைத்தான் வேண்டாம் என்றார்கள்.

அப்புறம் தம்பி கெர்மிட்டோடு வேட்டைப் பயணங்கள். 1925ல் சிகாகோ அருங்காட்சியகத்துக்காக காஷ்மீர், லடாக் வழியாகப் பாமீர் வரை போய் மலையாடு சுட்டது, 1929ல் சீனாவில் ராட்சதப் பாண்டாவைச் சுட்டது. அந்த 1929லேயே ஜனாதிபதி ஹூவர் அவரைப் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு ஆளுநராக நியமித்தார்.

மாமா அருங்காட்சியக வாசலிலேயே நின்றுவிட்டார். "இங்க ஓட்டுக் கேட்டு நின்னப்ப வேண்டாம்னுட்டாவ. ஓட்டே கேக்காம அங்க எப்படிலே கவர்னராப் போனாரு?"

அங்கே ஓட்டு கேட்க வேண்டியதே இல்லை மாமா. அதுதான் காலனி. 1898ல் ஸ்பெயினோடு போட்ட சண்டையில் அமெரிக்கா பிடித்த தீவு அது. அந்த ஜூலை 25ம் தேதி தெற்குக் கரையில் குவானிக்கா துறையில் படை இறங்கியது, டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1917ல் ஜோன்ஸ் சட்டம் தீவு மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது, தேர்ந்தெடுத்த இரண்டு அவைகள் கொடுத்தது. ஆளுநரை மட்டும் வாஷிங்டன்தான் அனுப்பும். அந்த அவைகள் போடுகிற சட்டத்தை ஆளுநர் தடுக்கலாம், அவர்கள் திரும்ப நிறைவேற்றினாலும் கடைசி வார்த்தை ஜனாதிபதியுடையது. 1930 கணக்குப்படி அங்கே பதினைந்து லட்சத்துக்கும் அதிகமான பேர், அதில் ஒருவர்கூட டெட்டுக்கு ஓட்டுப் போடவும் இல்லை, போடாமல் விடவும் இல்லை.

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதே 1929லதாம்ல நம்ம மதராஸுக்கு ஜார்ஜ் ஸ்டான்லி வந்தாரு. அவரும் லண்டன் பார்லிமென்ட்ல எம்.பி.யா இருந்துட்டு வந்த ஆளுதான். மேட்டூர்த் தண்ணி நிக்கிற ஏரிக்கு அவரு பேரைத்தான் வச்சிருக்கு" என்றார்.

சனி, சான் ஹுவான்

நியூயார்க்கிலிருந்து நாலு மணி நேர விமானம். கடவுச்சீட்டு கேட்கவில்லை, உள்நாட்டுப் பயணம்தான். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் முழுக்கக் கைதட்டினார்கள். ஊருக்குத் திரும்பும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களின் வழக்கம் அது. மாமாவும் தட்டினார்.

ராத்திரி ஜன்னலைத் திறந்தால் கோ-கீ, கோ-கீ என்று காது நிறையச் சத்தம். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை, அதன் பேரே கோக்கி. வேறு எழுத எதுவும் இல்லை இன்றைக்கு, தூங்கப் போகிறோம்.

ஞாயிறு, மலைக்குள்

விடியற்காலையில் வண்டி எடுத்து, மேற்கே கடலோரமாக அரெசிபோ போய், அங்கிருந்து உத்துவாடோ, அட்ஹுந்தாஸ் என்று பழைய மலைப்பாதையில் ஏறினோம். வளைவுக்கு வளைவு ஒலிப்பானை அடித்துக்கொண்டே போகவேண்டிய பாதை. இருபுறமும் வாழை, மூங்கில், நடுவில் நிழல் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடி. பழம் பறிக்கிற பருவம் முடியும் நேரம், அங்கங்கே சிவப்பாக ஒன்றிரண்டு கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டெட் வந்து இறங்கியபோது இந்த மலை எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1928 செப்டம்பர் 13ம் தேதி சான் ஃபெலிப்பே என்று இங்கே அழைக்கிற புயல் தீவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு டெட்டுக்கு நாற்பத்தோராவது பிறந்தநாள், அடுத்த வருஷம் இந்தத் தீவுதான் தனக்கு என்பது அவருக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. முந்நூறு பேர் வரை இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள், காப்பிக்கு நிழல் கொடுத்த மரங்கள் மொத்தமும் சாய்ந்தன. காப்பிச் செடியை நட்டால் நாலைந்து வருஷம் காத்திருக்க வேண்டும், நிழல் மரமும் கூடவே வளர வேண்டும். ஸ்பெயின் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போன இந்த மலைக் காப்பி 1898க்குப் பிறகு அந்தச் சந்தையை இழந்து ஏற்கனவே நொடித்துப்போயிருந்தது. அமெரிக்கச் சுங்கவரி கரும்புக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, காப்பிக்குக் கொடுக்கவில்லை. கரும்பு நிலமெல்லாம் வெளியூர்க் கம்பெனிகள் கையில். இந்த நிலையில் 1929 அக்டோபர் தொடக்கத்தில் டெட் பதவியேற்கிறார், அந்த மாதக் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிகிறது.

அவர் செய்த முதல் நல்ல காரியம், மாளிகையில் உட்காராமல் மலைக்கு வந்தது. காரிலும் குதிரையிலும் குடிசை குடிசையாகப் போனார். வற்றிப்போன பெண்களையும் நோயாளி ஆண்களையும் பசியில் கிடந்த குழந்தைகளையும் கண்ணால் பார்த்து, பார்த்ததை மறைக்காமல் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு எழுதினார். தன் ஆட்சியில் இருக்கிற இடம் பட்டினியில் கிடக்கிறது என்று ஓர் ஆளுநரே எழுதுவது சாதாரண விஷயம் இல்லை. பணக்காரர்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் கையேந்திப் பணம் திரட்டி, பள்ளிக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட வைத்தார். மலையில் விவசாயமும் கைத்தொழிலும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் கிராமப் பள்ளிகளை ஆதரித்தார். தொழிற்சாலை வைக்க வாருங்கள் என்று அமெரிக்க முதலாளிகளைக் கூப்பிட்டார்.

இன்னொன்று, ஸ்பானிய மொழி. அதுவரை வந்த அமெரிக்க ஆளுநர்கள் யாரும் மெனக்கெட்டு அதைப் படித்ததில்லை. இவர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை என்று வைத்துக்கொண்டு படித்தார், அரைகுறையாக இருந்தாலும் கூட்டங்களில் அதிலேயே பேசினார். மலைக் குடியானவனை இங்கே ஹீபரோ என்பார்கள். வைக்கோல் தொப்பியும் வெட்டரிவாளுமாக மலைச்சரிவில் உழைப்பவன். மக்கள் ஆளுநருக்கே 'லா ஃபோர்ட்டலேஸாவின் ஹீபரோ' என்று பேர் வைத்துவிட்டார்கள். லா ஃபோர்ட்டலேஸா என்பது ஆளுநர் மாளிகை. பட்டம் கொடுத்தவர்கள் அன்போடுதான் கொடுத்தார்கள். 1931ல் பல்கலைக்கழகத்துக்கு கார்லோஸ் சார்தோன் என்ற பூஞ்சை ஆராய்ச்சியாளரை வேந்தராக்கினார், அந்தப் பதவிக்கு வந்த முதல் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் அவர்.

உத்துவாடோ தாண்டி ஒரு வளைவில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையில் பச்சைக் காய்களை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மாமா "நிறுத்துல, நிறுத்து" என்றார். இறங்கிப்போய் ஒரு காயை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் பிளந்தார். உள்ளே நாலைந்து பச்சை மணிகள், தோலில் ஊதாக் கோடு. "துவரைலா இது!" துவரையேதான். இங்கே கந்தூலஸ் என்கிறார்கள். நாம் காயவைத்து உடைத்துப் பருப்பாக்குகிறோம், இவர்கள் பச்சையாகவே உரித்து அரிசியோடு போட்டு ஒரே சட்டியில் பொங்கிவிடுகிறார்கள், பூண்டும் கொத்தமல்லி மாதிரி மணக்கும் ஓர் இலையும் பன்றிக்கறித் துண்டும் சேர்த்து. பாட்டிக்கும் மாமாவுக்கும் ஒரு வார்த்தைகூடப் பொதுவாக இல்லை, ஆனாலும் ரெண்டு பேரும் அந்தக் காயை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கையால் பேசினார்கள். இந்தச் செடியின் பூர்வீகம் இந்தியா, கடல் தாண்டி ஆப்பிரிக்கா வழியாக இங்கே வந்திருக்கிறது. மத்தியானம் அட்ஹுந்தாஸில் துவரைச் சோறுதான் சாப்பிட்டோம்.

அட்ஹுந்தாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் காசா புவெப்லோ என்ற சமூக அமைப்பின் ரோஜா நிற வீடு இருக்கிறது. சுரங்கம் தோண்ட வந்தவர்களை எதிர்த்து 1980ல் தொடங்கியது. கூரையில் சூரியத் தகடுகள். 2017 செப்டம்பரில் மரியா புயல் வந்து தீவு முழுக்க இருட்டாகிக் கிடந்தபோது இந்த ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, மூச்சுக் கருவி வைத்திருந்தவர்களும் மருந்தைக் குளிரில் வைக்கவேண்டியவர்களும் இங்கே ஓடிவந்தார்கள். மரியாவில் இறந்தவர்கள் என்று அரசு கடைசியாக ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 2,975. சில மலையூர்களுக்கு மின்சாரம் திரும்பிவர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.

திங்கள், போன்ஸே

மலையிறங்கித் தெற்குக் கரைக்கு வந்தால் வெயில். போன்ஸே தீவின் இரண்டாவது நகரம் என்று சொல்லிக்கொள்கிற ஊர், சிவப்பும் கறுப்பும் பட்டை அடித்த பழைய தீயணைப்பு நிலையம் சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. நாங்கள் தேடிப்போனது மரீனா தெருவும் அரோரா தெருவும் சேருகிற முனை.

டெட் ஆட்சியில் இருந்தபோது, 1930 மே மாதம், இந்த ஊரில் பிறந்த பெத்ரோ அல்பிஸு காம்போஸ் தேசியவாதக் கட்சியின் தலைவரானார். ஹார்வர்டில் சட்டம் படித்தவர், டெட்டும் ஹார்வர்டுதான். முதல் உலகப் போரில் இருவருமே அமெரிக்கப் பட்டாளத்து அதிகாரிகள், இவர் மட்டும் கறுப்பர்களுக்கென்று பிரித்து வைத்த பிரிவில் இருந்தார். இவர் கேட்டது நல்ல ஆளுநர் இல்லை, முழுச் சுதந்திரம். ஒரே நாட்டில் ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பேர், ஒருவர் மாளிகைக்குள், ஒருவர் மாளிகையே வேண்டாம் என்று தெருவில்.

டெட் 1932 தொடக்கத்தில் பிலிப்பைன்ஸுக்குப் பதவி உயர்வில் போய்விட்டார். அவருக்குப் பின் ஆளுநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், 1934ல் பிளாண்டன் வின்ஷிப் என்ற ஓய்வுபெற்ற ஜெனரல் வந்தார். அவருடைய காலத்தில்தான் 1937 மார்ச் 21, குருத்தோலை ஞாயிறு, இந்த முனையில் தேசியவாதிகளின் ஊர்வலத்துக்குக் கொடுத்த அனுமதியைக் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டுப் போலீஸ் சுட்டது. பத்தொன்பது பேர் இறந்தார்கள், இருநூறு பேர் வரை காயம். ஆயுதமில்லாத ஊர்வலம். ஒரு ஏழு வயதுச் சிறுமியும் இறந்தவர்களில் ஒருத்தி. முனையிலிருக்கும் பழைய கட்சி அலுவலகம் இப்போது நினைவு இல்லம், நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு இங்கேதான் டெட்டின் கதை முழுசாகப் புரிந்த மாதிரி இருந்தது. அவர் நல்லவர், உழைத்தார், மொழி படித்தார், குழந்தைகளுக்குச் சோறு போட்டார், இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் வின்ஷிப்பும் உட்கார்ந்தார், அவரை அனுப்பிய அதே கைதான் வின்ஷிப்பையும் அனுப்பியது. டெட்டை வைத்துக்கொள்ளவும் இந்த மக்களால் முடியவில்லை, வின்ஷிப்பைத் துரத்தவும் முடியவில்லை. வின்ஷிப் 1939 வரை இருந்தார். ஆல்பனியில் ஐந்து சோஷலிஸ்டுகளுக்காக, மக்கள் அனுப்பியவர்களைத் தொடாதே என்று எழுந்து நின்ற அதே டெட், இங்கே மக்கள் அனுப்பாத ஆளாக வந்து நின்றதில் ஒரு முரண் இருப்பதை உணர்ந்திருப்பாரா? 1937ல் காலனிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில், இந்தத் தீவு மக்களை அமெரிக்கர்களாக மாற்றிவிடப் பார்த்ததும் ஸ்பானியம் பேசும் குழந்தைகளுக்கு ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தியதும் தவறு என்ற அளவுக்கு வெளிப்படையாக எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் இருந்த பலரால் அதுவும் முடியவில்லை.

பிலிப்பைன்ஸ் பற்றி இரண்டு வரி. மணிலாவில் அவர் இருந்தது ஒரு வருஷம் சொச்சம்தான். தமரவ் என்ற குட்டைக் காட்டெருமையை ஒரே குண்டில் வீழ்த்தியதால் 'ஒரு குண்டு டெடி' என்று பேர் எடுத்தார். அங்கே ஏற்கனவே விடுதலைப் பேச்சுதான் அரசியல், கேஸோனும் ஒஸ்மென்யாவும் பெரிய தலைகள். 1932 நவம்பரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டவர்களிடம் "ஐந்தாவது தலைமுறைப் பங்காளி, சீக்கிரம் என்னை நீக்கப்போகிறவர்" என்றாராம் டெட். மார்ச் மாதம் பதவி விலகினார். அதோடு அவருடைய அரசியல் முடிந்தது.

செவ்வாய், பழைய சான் ஹுவான்

பழைய நகரத்துத் தெருக்களில் பாவியிருக்கும் கல் நீல நிறம். இரும்பு உலையில் மிஞ்சும் கசடை வார்த்துச் செய்தது, காலையில் மழை தூறியதும் ஒவ்வொரு கல்லும் வேறு வேறு நீலமாகத் தெரிந்தது. அதன் மேல் நடந்து லா ஃபோர்ட்டலேஸாவுக்குப் போனோம். 1533ல் தொடங்கிய கோட்டை, இன்றைக்கும் ஆளுநர் குடியிருக்கும் வீடு. அமெரிக்கக் கண்டங்களில் இடைவிடாமல் ஆட்சியாளர் வீடாக இருந்துவரும் கட்டடங்களில் இதுதான் மூத்தது என்கிறார்கள். வழிகாட்டிப் பெண் ஒரு பழைய கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார். 1898ல் கடைசி ஸ்பானிய ஆளுநர் ரிக்கார்டோ தே ஒர்த்தேகா வீட்டைக் காலி செய்யும்போது வாளால் அதை அடித்தாராம், அந்த நேரத்திலேயே முள் நின்றுவிட்டதாம். டெட்டும் அவர் மனைவி எலினோர் பட்லரும் (ஆமாம், இன்னொரு எலினோர்) இரண்டு வருஷத்துக்கும் மேல் இங்கே இருந்தார்கள். மாளிகைக்குள் அவர் பேரைச் சொல்லும் எதையும் எங்களுக்குக் காட்டவில்லை.

அவருடைய முடிவையும் சொல்லவேண்டும். 1944 ஜூன் 6, இரண்டாம் உலகப் போர், பிரான்ஸின் நார்மண்டி கரை. ஐம்பத்தாறு வயது, மூட்டுவலி, யாருக்கும் சொல்லாத இதயக் கோளாறு. முதல் அலையிலேயே போகவேண்டும் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு வாங்கி, யூட்டா கடற்கரையில் கைத்தடியோடு இறங்கினார். முதல் அலையில் படகில் போன ஒரே ஜெனரல் அவர். நீரோட்டம் படகுகளை ஒரு மைலுக்கும் மேல் தள்ளித் தப்பான இடத்தில் விட்டிருந்தது. இங்கிருந்தே சண்டையைத் தொடங்குவோம் என்று சொல்லி, குண்டு விழும் மணலில் நடந்து நடந்து ஒவ்வொரு பிரிவுக்கும் வழி காட்டினார். ஜூலை 12ம் தேதி மாரடைப்பில் இறந்தார். கோல்வில் கல்லறைத் தோட்டத்தில், முதல் போரில் விமானியாக இறந்த தம்பி குவென்டினுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அந்தக் கடற்கரையில் அவருக்குக் கீழே இருந்த பையன்கள் அவரை நேசித்தார்கள், அது எல்லாருடைய நினைவுக்குறிப்பிலும் இருக்கிறது. தலைமை தாங்க அவருக்குத் தெரிந்திருந்தது, அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

புவேர்ட்டோ ரிக்கோ தன் ஆளுநரைத் தானே தேர்ந்தெடுத்தது 1948ல்தான். லூயிஸ் முன்யோஸ் மரீன் 1949 ஜனவரி 2ம் தேதி பதவியேற்றார், அவருடைய கட்சியின் சின்னமே தொப்பி போட்ட ஹீபரோவின் முகம். மாளிகையிலிருந்து ஃபோர்ட்டலேஸா தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் கிறிஸ்தோ தெரு வந்து வெட்டும் முனை. 2019 ஜூலையில் ஆளுநர் ரிக்கார்டோ ரொஸேயோவின் அரட்டைக் குழுச் செய்திகள் கசிந்தன, மரியாவில் செத்தவர்களைப் பற்றிக்கூட அதில் கேலி இருந்தது. மக்கள் இந்த முனையில் ராத்திரி ராத்திரியாகச் சட்டிப் பானையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், கண்ணீர்ப்புகை போட்டும் கலையவில்லை. ரெண்டே வாரம், பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். தாங்களே உட்கார வைத்தவரைத் தாங்களே இறக்கினார்கள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தீவின் கடன் பிரச்சினைக்காக 2016ல் வாஷிங்டன் ஏழு பேர் கொண்ட ஒரு நிதி வாரியத்தை அமர்த்தியது, இங்கே எல்லாரும் அதை ஹுந்தா என்கிறார்கள். தேர்ந்தெடுத்த ஆளுநரும் அவைகளும் போடும் பட்ஜெட்டை அந்த வாரியம் மாற்றலாம். அதில் உட்காருகிறவர்களுக்குத் தீவில் யாரும் ஓட்டுப் போட்டதில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மாமா ஓட்டுநரிடம், என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, நீங்கள் ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டார். இங்கே இருக்கும்வரை முடியாது என்றார் அவர். அமெரிக்கக் குடிமகன்தான், பிறந்ததிலிருந்து. அப்பா கொரியப் போருக்குப் போய் வந்தவர். தம்பி ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குக் குடிபோய்ப் பெயரைப் பதிந்துகொண்டான், போன தேர்தலில் போட்டுவிட்டான். "நானும் டிக்கெட் வாங்கிப் போனால் எனக்கும் உண்டு. ஆனால் நான் ஏன் போகணும்?"

மாமா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை, "அதானே" என்றார்.